பேஸ்மேக்கர் தேவைப்படாத பிராடிகார்டியா: சென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இதயத் துடிப்பு மிகக் குறைந்து (இதுவே பிராடிகார்டியா), இரத்த அழுத்தமும் விழுந்த நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு, இதயத்தின் மின்கடத்தும் அமைப்பில் நிலையான பழுது எதுவும் இருப்பதில்லை. அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளும், திடீரென்று வேலை குறைந்த சிறுநீரகமும், இரத்தத்தில் ஏறிவிட்ட பொட்டாசியமும் ஒன்றுசேர்ந்து இதயத்தை மெதுவாக்கியிருக்கும். உரிய நேரத்தில் இதைக் கண்டுகொண்டால் சில மணி நேரத்தில் துடிப்பு மீண்டுவிடும். கண்டுகொள்ளத் தவறினால் உயிர் போகலாம், அல்லது தேவையே இல்லாத பேஸ்மேக்கர் என்னும் துடிப்பூட்டும் கருவி நெஞ்சில் பொருத்தப்படலாம். அப்படிப்பட்ட ஒரு நிகழ்வை, மருத்துவ மாணவர்களுக்கும் வயதான பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் விரிவாகப் பதிவு செய்கிறேன். நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் வந்த நிலையும்

71 வயதான அந்தப் பெண்மணி வட சென்னையில் மகன், மருமகள், பேரனுடன் வசிப்பவர். பல ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்பவர். சர்க்கரை நோய் இல்லை. இதற்கு முன் மாரடைப்போ மயக்கமோ வந்ததில்லை. வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்பவர். மூட்டு வலி மட்டுமே அவரை அவ்வப்போது முடக்கியிருந்தது.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மே மாதத்தில் அவருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதல் நாள் ஆறேழு முறை போனது. அதன் பிறகு எண்ணிக்கை குறைந்தாலும் நிற்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியும் மோரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருமுனை வண்டியிலிருந்து வாங்கிவந்த இளநீரை மட்டும் நாளுக்கு இரண்டு மூன்று காய் வீதம் குடித்துவந்தார். பிரஷர் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று எப்போதோ ஒரு மருத்துவர் சொன்னதை மனத்தில் கொண்டு, அந்த நாள்களிலும் எல்லா மாத்திரைகளையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

மூன்றாம் நாள் எழுந்து நின்றால் தலை சுற்றியது. சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது. அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் வெயிலால் வந்த அசதி என்று சொல்லி, ஒரு ஊசியும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான்காம் நாள் காலை, கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் வைத்திருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மருமகள் எடுத்து மாமியாரின் விரலில் மாட்டிப் பார்த்தார். ஆக்ஸிஜன் 96 என்று காட்டியதும் நிம்மதி வந்தது. அதற்குக் கீழே 36 என்ற எண்ணைப் பார்த்து, கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது போலும் என்று புது பேட்டரி போட்டார். அப்போதும் 36. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோ பட்டையை இறுக்கி இறுக்கித் தளர்த்திவிட்டுப் பிழை என்று காட்டியது. இரண்டு கருவியும் ஒரே நேரத்திலா கெடும் என்ற சந்தேகம் வந்த பிறகுதான் 108-ஐ அழைத்திருக்கிறார். அந்தச் சந்தேகம் மாமியாரின் உயிரைக் காத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் பிரிவுக்கு வந்தபோது நோயாளி கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொன்னார், ஆனால் பேச்சில் குழப்பம் இருந்தது. கை கால்கள் சில்லிட்டிருந்தன. நாடி நிமிடத்துக்கு 34, சீரான இடைவெளியில். இரத்த அழுத்தம் 82/50. நுரையீரலில் நீர் கோத்ததற்கான ஒலி இல்லை. நாக்கு வறண்டிருந்தது. காய்ச்சல் இல்லை. சர்க்கரை 148.

இ.சி.ஜி. காட்டியதும் மறைத்ததும்

முதல் இ.சி.ஜி. தாளில், இதய மேலறைகளின் மின்துடிப்பைக் காட்டும் பி அலைகள் எங்கும் இல்லை. கீழறைகளின் மின்துடிப்பைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். கூறுகள் குறுகலாக, ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில், ஆனால் மிகச் சீராக வந்தன. இதயத்தின் வலது மேலறையில் இருந்து துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு செயலிழந்து, மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட சந்திப்புப் பகுதி தானாகவே துடிப்பைக் கையில் எடுத்துக்கொண்டதன் அடையாளம் இது. சந்திப்புப் பகுதி தனித்து இயங்கும்போது வழக்கமாக நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை துடிப்பைத் தரும். இங்கே அதுவும் 34-க்கு அழுத்தப்பட்டிருந்தது. சைனஸ் கணு நின்றதற்கு ஒரு காரணம் இருக்கலாம், ஆனால் அதற்கு மாற்றாக எழும் துடிப்பும் சேர்ந்து மெதுவாகிறது என்றால், இதயத் தசை முழுவதையும் தொடும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்று சந்தேகிப்பதே முறை.

பொட்டாசியம் மிகுந்த நிலைக்குப் பாடநூல்கள் காட்டும் படம் வேறு மாதிரியானது. முதலில், ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் டி அலை கூடாரம் போல் கூராக எழும்பும், பிறகு பி அலை தட்டையாகி மறையும், அதன்பின் கியூ.ஆர்.எஸ். அகன்று, கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து பெரிய அலைகளாகிவிடும். இவருக்கு டி அலைகள் இதயத்தை வெவ்வேறு கோணங்களில் பதியும் லீடுகளில் இரண்டு மூன்றில் மட்டும் சற்றே உயர்ந்திருந்தன, அவ்வளவுதான். இந்த ஏணிப்படி வரிசையை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் இத்தகைய நோயாளியிடம் பொட்டாசியத்தைச் சந்தேகிக்கவே மாட்டார். இதயத்தை மெதுவாக்கும் மருந்து ஏற்கெனவே உடலில் இருக்கும்போது, பொட்டாசியம் இ.சி.ஜி.யில் தன் முழு முகத்தையும் காட்டுவதற்கு முன்பே துடிப்பு விழுந்துவிடுகிறது.

பணியிலிருந்த இளம் மருத்துவர் நெறிமுறைப்படி அட்ரோபின் 1 மி.கி. செலுத்தினார். சில நிமிடம் கழித்து இன்னொரு முறையும் செலுத்தப்பட்டது. நாடி 36. அட்ரோபின், வேகஸ் நரம்பு இதயத்தின் மேல் வைத்திருக்கும் கட்டுப்பாட்டை நீக்குகிறது. இங்கே இதயத்தைப் பிடித்து வைத்திருந்தது வேகஸ் நரம்பு இல்லை. அட்ரோபின் பலிக்காததையே ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளலாம் என்று மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு.

இரத்தவாயு கருவியின் முடிவு சில நிமிடத்தில் கைக்கு வந்தது. பொட்டாசியம் லிட்டருக்கு 6.8 மில்லிமோல் (இயல்பு அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை). அமிலகாரநிலை 7.24, பைகார்பனேட் 15; இரத்தத்தில் அமிலம் தேங்கியிருந்ததையே இவை காட்டின. பின்னர் ஆய்வகத்திலிருந்து வந்த முடிவில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 3.2, யூரியா 118, சோடியம் 130. ஆறு மாதத்துக்கு முன் கண் அறுவை சிகிச்சைக்காக எடுத்திருந்த ஒரு பரிசோதனைச் சீட்டைப் பேரன் கைப்பேசியிலேயே வைத்திருந்தான். அதில் கிரியாட்டினின் 1.1. பார்வைக்கு இயல்பாகத் தெரியும் இந்த எண், 71 வயதுப் பெண்மணிக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 54 மி.லி. அளவில்தான் இருந்தது என்பதைக் குறிக்கிறது. அதாவது வயிற்றுப்போக்கு தொடங்குவதற்கு முன்பே அவரிடம் சேமிப்பு அதிகம் இல்லை.

கட்டைப்பைக்குள் இருந்தவை

நோயாளி என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டபோது மகன் சொன்ன பதில், "பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர், வேற ஒண்ணும் இல்ல." பெரும்பாலான வீடுகளில் இதே பதில்தான் வரும், அதில் பொய் இல்லை, கவனக்குறைவும் இல்லை. முதியவர்கள் தங்கள் மருந்துகளைத் தாங்களே நிர்வகிக்கிறார்கள், பிள்ளைகளுக்கு முழுப் பட்டியல் தெரிவதில்லை. ஆகவே பேரனை வீட்டுக்கு அனுப்பி, பாட்டியின் கட்டிலருகே என்ன இருக்கிறதோ அதையெல்லாம் அள்ளிவரச் சொன்னோம். அவன் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையை அப்படியே தூக்கி வந்தான்.

பையிலிருந்து முதலில் வெளிவந்த மாத்திரை அட்டையில் அம்லோடிபின் 5 மி.கி.யும் அட்டெனலால் 50 மி.கி.யும் சேர்ந்திருந்தன. குடும்பத்தார் "பிரஷர் மாத்திரை" என்று சொன்னது இதைத்தான். ஒரே மாத்திரை, உள்ளே இரண்டு மருந்துகள். அடுத்தது இரத்த அழுத்தத்துக்கே கொடுக்கப்படும் டெல்மிசார்ட்டன் 40, பின்னர் வேறொரு மருத்துவர் சேர்த்தது. மூன்றாவது அட்டை பத்து மாத்திரையில் நான்கு மட்டும் வெட்டிக் கொடுக்கப்பட்டது. பெயர் அச்சிட்டிருந்த பகுதி கடையிலேயே நின்றுவிட்டதால், மீதமிருந்த எழுத்துகளையும் மாத்திரையின் நிறத்தையும் வைத்து மருந்தாளுநர் அது ஃபுரோசமைடு 20 மி.கி.யும் ஸ்பைரோனோலாக்டோன் 50 மி.கி.யும் கலந்த, நீர் பிரிக்கும் மாத்திரை என்று உறுதி செய்தார். கால் வீக்கத்துக்காக இரண்டு மாதமாக எடுத்துவந்திருக்கிறார். நான்காவது, மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால் கலவை.

பையின் அடியில் ஒரு சிறிய சொட்டு மருந்துப் புட்டியும் இருந்தது. நான் அதைக் கையில் எடுத்தபோது மருமகள் கேட்டார்: "அது அத்தை கண்ணுக்கு விட்டுக்குற மருந்து டாக்டர், அதுவும் இதுல சேருமா?" அது டிமோலால் 0.5 சதவீதம், கண்நீர் அழுத்த நோய்க்காக (கிளாக்கோமா) கொடுக்கப்பட்டது. காலையும் இரவும் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு.

சேரும் என்பது மட்டுமில்லை, இந்த நிகழ்வில் அதற்கு முக்கியப் பங்கு இருந்தது. கண்ணில் விடும் சொட்டு, கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க்குழாய் வழியாக மூக்கின் சவ்வை அடைந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. வாய்வழி மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே ஒரு பகுதி சிதைக்கப்படும். சொட்டு மருந்துக்கு அந்தத் தடை இல்லை. டிமோலாலும் அட்டெனலாலும் பீட்டா தடுப்பிகள் என்னும், இதயத்தை மெதுவாக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள். மாத்திரை எழுதியவருக்குச் சொட்டு மருந்து பற்றித் தெரியாது, சொட்டு மருந்து எழுதியவருக்கு அந்தக் கலவை மாத்திரைக்குள் என்ன இருந்தது என்பது சொல்லப்படவில்லை. இரண்டு சீட்டும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானவை.

சுழல் எப்படி மூண்டது

அட்டெனலால் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் உடலில் அதன் அளவு பாதியாக ஆறேழு மணி நேரம் ஆகும்; சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டால் அதற்கு ஒரு நாளுக்கு மேலாகும். நீர் வற்றிய உடலில் ஒவ்வொரு காலையும் விழுங்கிய மாத்திரை, முந்தைய நாளின் மிச்சத்தின் மேல் போய்ச் சேர்ந்தது.

சிறுநீரகம் ஏன் இவ்வளவு வேகமாக விழுந்தது என்பதற்கு விடை மற்ற அட்டைகளில் இருந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு உள்ளே வரும் இரத்தக்குழாய் விரிந்தும், வெளியே போகும் குழாய் சற்றுச் சுருங்கியும் இருப்பதால்தான், இரத்த ஓட்டம் குறையும் நேரத்திலும் வடிகட்டும் அழுத்தம் தாக்குப்பிடிக்கிறது. வலிநிவாரணி உள்ளே வரும் குழாயின் விரிவைத் தடுக்கிறது. டெல்மிசார்ட்டன் வெளியே போகும் குழாயின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது. நீர் பிரிக்கும் மாத்திரை ஏற்கெனவே வற்றிய உடலிலிருந்து இன்னும் நீரை வெளியேற்றுகிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒருவர் உடலில் இருப்பது ஆபத்தான கூட்டணி என்பது மருத்துவ உலகில் நன்கு தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும் சென்னை வீடுகளில் இந்த மூன்றையும் ஒரே பையில் பார்ப்பது அரிதில்லை.

பொட்டாசியம் ஏறியதில்தான் பலருக்கும் வியப்பு இருக்கும், ஏனென்றால் வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கும் என்றுதான் படித்திருக்கிறோம். சிறுநீரகம் இயங்கும்வரை அது சரியே. இவருக்குச் சிறுநீரே இல்லை. டெல்மிசார்ட்டனும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை வெளியேற்றும் வழியைத் தனித்தனியாக அடைத்தன. டிமோலால், பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளும் பீட்டா ஏற்பிகளையும் தடுத்தது. அமிலத்தேக்கம் தன் பங்குக்கு நிலைமையை மோசமாக்கியது. இதற்கு மேல் இளநீர். உடலுக்குக் குளிர்ச்சி என்று நாம் கொடுக்கும் இளநீரில் லிட்டருக்குச் சுமார் 50 மில்லிமோல் அளவில் பொட்டாசியம் உண்டு, சில காய்களில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். சோடியம் அதில் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் பொட்டாசியம் லிட்டருக்கு 20 மில்லிமோல், சோடியம் 75. பேதியில் உடல் இழந்தது உப்பையும் நீரையும். இளநீர் தந்தது நீரையும், வெளியேற வழியில்லாத பொட்டாசியத்தையும். ஆரோக்கியமானவர் வெயிலில் இளநீர் குடிப்பதில் ஒரு கெடுதலும் இல்லை, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும்தான் கணக்கு மாறுகிறது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படும் பொட்டாசியம் கலந்த உப்புக்கும் இதுவே பொருந்தும்.

பொட்டாசியமும் பீட்டா தடுப்பியும் சேர்ந்து துடிப்பை இறக்கின. துடிப்பு இறங்கியதும் இரத்த அழுத்தம் விழுந்தது. அழுத்தம் விழுந்ததும் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் இன்னும் குறைந்தது. அதனால் அட்டெனலாலும் பொட்டாசியமும் மேலும் தேங்கின. இந்தச் சுழலின் ஐந்து கூறுகளையும், அதாவது மெதுவான துடிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, ஏ.வி. கணுவை (மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்துடிப்பைக் கடத்தும் இடம்) தடுக்கும் மருந்து, அதிர்ச்சி நிலை, மிகுந்த பொட்டாசியம் ஆகியவற்றை ஒரே நோய்க்குறித் தொகுப்பாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் ஜோஷ் ஃபார்கஸ் 2016-இல் முன்வைத்தார். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து இதைப் பிராஷ் (BRASH) நோய்க்குறித் தொகுப்பு என்கிறார்கள். தனித்தனிக் கூறுகள் முன்பே அறியப்பட்டவைதான். ஆனால் தனியாகப் பார்த்தால் 6.8 பொட்டாசியம் மட்டும் துடிப்பை 34-க்கு இறக்கப் போதாது என்று ஒருவர் வாதிடலாம், நாள்தோறும் எடுத்த அதே அட்டெனலால் அளவு விஷமாகாது என்று இன்னொருவர் வாதிடலாம். இரண்டும் சரியாகவே இருந்தும் நோயாளி சாகக்கூடும். இந்தச் சேர்க்கையைச் சேர்க்கையாகவே பார்க்கக் கற்றுக்கொடுத்தது என்பதால் இந்தப் பெயருக்கு நான் மதிப்பளிக்கிறேன்.

சிகிச்சை

பொட்டாசியம் எண் வந்தவுடன் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. ஐந்து நிமிடத்தில் மெதுவாகச் சிரைவழி செலுத்தப்பட்டது, இ.சி.ஜி.யில் மாற்றம் போதாததால் மீண்டும் ஒருமுறை கொடுத்தோம். நாடி 44-க்கு வந்தது. கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத் தசையின் செல்சவ்வை அதன் தாக்கத்திலிருந்து காக்கிறது. அதுவும் அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான். அந்த இடைவெளிக்குள் 10 யூனிட் இன்சுலினும் 25 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் அனுப்பும் வேலை தொடங்கியது. பொட்டாசியத்தைச் செல்களுக்குள் அனுப்ப உதவும் சல்பியூட்டமால் நெபுலைசரும் வைத்தோம்; பீட்டா தடுப்பி உடலில் நிறைந்திருக்கும் நோயாளியிடம் அதன் பலன் குறைவாகவே இருக்கும் என்று தெரிந்துதான் வைத்தோம். சர்க்கரையை மணிக்கொரு முறை பார்த்தோம், ஏனெனில் சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் இன்சுலின் நெடுநேரம் தங்கித் தாழ்சர்க்கரையை உண்டாக்கும்.

அதோடு குறைந்த அளவில் அட்ரினலின் சொட்டுமுறையில் தொடங்கப்பட்டது. துடிப்பையும் அழுத்தத்தையும் ஒருசேர உயர்த்துவதோடு, பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளவும் உதவுகிறது என்பதால் இந்தச் சூழலில் எனக்கு அதன் மேல் தனி நம்பிக்கை உண்டு. அமிலத்தேக்கம் இருந்ததால் சம அடர்த்தியுள்ள பைகார்பனேட் கரைசலும், தொடர்ந்து ரிங்கர் லாக்டேட் என்னும் சிரைவழித் திரவமும் ஏற்றப்பட்டன. ரிங்கர் லாக்டேட்டில் லிட்டருக்கு 4 மில்லிமோல் பொட்டாசியம் இருப்பதைக் காட்டி அதைத் தடுக்கும் வழக்கம் இன்னும் சில வார்டுகளில் இருக்கிறது. 6.8 இருக்கும் இரத்தத்தில் 4 உள்ள திரவம் கலந்தால் அளவு ஏறாது. மாறாக, சாதாரண உப்புநீரை அதிகம் ஏற்றினால் அமிலத்தேக்கம் கூடி, பொட்டாசியம் செல்களிலிருந்து வெளியே வரும்.

இதற்கிடையில் இதயநோய்ப் பிரிவினர் வந்து பார்த்தார்கள். தற்காலிக பேஸ்மேக்கர் வைப்பதற்கான ஏற்பாடு தயாராக இருந்தது. மருந்துகள் பலன் காட்டத் தொடங்கியிருந்ததால் சற்றுப் பொறுப்பது என்று கூடிப் பேசி முடிவு செய்தோம். பொட்டாசியமும் அமிலமும் ஏறிய இதயத் தசை, பேஸ்மேக்கர் கம்பியிலிருந்து வரும் மின்துடிப்புக்கு எளிதில் கட்டுப்படாது என்பதும் அந்த முடிவில் ஒரு காரணம். இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தையும் தயாராக வைத்திருந்தோம்.

நாற்பது நிமிட அளவில் மானிட்டரில் பி அலை தென்பட்டது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு துடிப்புக்கு ஒன்று, அதன்பின் ஒவ்வொரு துடிப்புக்கு முன்னும். நாடி 62, இரத்த அழுத்தம் 104/62. அருகில் நின்ற செவிலியர் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்த்து, சூடு வந்துவிட்டது என்று சொன்னார். சிறுநீர் வடிகுழாயில் முதல் மணி நேரம் சில சொட்டுகளே வந்தன. இரவுக்குள் நன்றாகவே இறங்கியது. ஆறு மணி நேரத்தில் பொட்டாசியம் 5.6, மறுநாள் காலை 4.9. அட்ரினலின் அன்று காலையே நிறுத்தப்பட்டது. கிரியாட்டினின் இரண்டாம் நாள் 2.1, ஐந்தாம் நாள் 1.2. இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படவில்லை.

வேறு எதுவாக இருந்திருக்கலாம்

சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே மற்ற காரணங்களைத் தேடினோம். இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பு முதலில் விலக்கப்பட வேண்டியது, ஏனெனில் ஏ.வி. கணுவுக்குப் பெரும்பாலானவர்களிடம் வலது கரோனரி தமனியே இரத்தம் தருகிறது. முதியவர்களிடம் நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும். இ.சி.ஜி.யிலும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையிலும், இதயத்தின் எக்கோ ஸ்கேனிலும் அதற்கான சான்று இல்லை. தைராய்டு இயல்பாக இருந்தது. துடிப்பை மெதுவாக்கும் இன்னொரு இதய மருந்தான டிஜாக்ஸின் அவர் எடுக்கவில்லை. சென்னையில் டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சல்களிலும் துடிப்பு மெதுவாவதைப் பார்க்கிறோம், இவருக்குக் காய்ச்சலே இல்லை. வயதால் சைனஸ் கணு தேய்ந்துபோன நிலைதான் கடைசி வரை மிஞ்சியிருந்த சந்தேகம்; அதை அன்றே தீர்க்க முடியாது, மருந்துகள் உடலைவிட்டு முழுவதும் வெளியேறிய பிறகே பார்க்க முடியும்.

இந்த இடத்தில்தான் மகனுக்கும் எங்களுக்கும் இடையே நீண்ட பேச்சு நடந்தது. உறவினர் ஒருவர் மூலம் வேறொரு மருத்துவமனையில் இ.சி.ஜி. படத்தைக் காட்டி, உடனே நிரந்தர பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்ற பதிலை வாங்கியிருந்தார். "வெச்சுட்டா ஒரேயடியா நிம்மதியா இருக்கலாம்ல டாக்டர்?" என்று அவர் கேட்டதில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. பேஸ்மேக்கர் மருத்துவம் கண்ட பெரும் சாதனைகளில் ஒன்று. 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் முதன்முதலாக உடலுக்குள் அதைப் பொருத்திக்கொண்ட ஆர்னே லார்சன், அடுத்தடுத்துப் பல கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். இதயக் கணுவோ கடத்தும் பாதையோ உண்மையாகவே பழுதானவருக்கு அதைத் தள்ளிப்போடுவது குற்றம். ஆனால் திருத்தக்கூடிய காரணம் கையில் இருக்கும்போது அந்தக் காரணத்தைத் திருத்திவிட்டுப் பார்ப்பதே முதல் கடமை என்று 2018-ஆம் ஆண்டின் அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டியும் சொல்கிறது. அதே வழிகாட்டி, பிராடிகார்டியாவுக்குப் பாடநூல்கள் சொல்லும் 60-க்குப் பதிலாக 50-க்குக் கீழ் என்ற எல்லையை எடுத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. நன்கு பயிற்சி செய்பவர்களுக்கும், பலருக்கு ஆழ்ந்த உறக்கத்திலும், துடிப்பு அதற்குக் கீழே போவது இயல்பே. எண்ணோடு தலைசுற்றல், மயக்கம், மூச்சிரைப்பு, குழப்பம், குறைந்த அழுத்தம் ஆகியவை சேர்கின்றனவா என்பதையே நாங்கள் பார்க்கிறோம்.

வீட்டுக்கு அனுப்பும்போதும் அதன் பிறகும்

மருந்துப் பட்டியலைத் திருத்துவதுதான் இந்த நிகழ்வின் கடினமான பகுதியாக இருந்தது. கால் வீக்கம் எப்போது வந்தது என்று நோயாளியிடமே உட்கார்ந்து விசாரித்தபோது, அம்லோடிபின் கலவை மாத்திரையைக் காலையும் இரவும் என்று இரட்டித்த பிறகு வந்தது என்று தெளிவாகச் சொன்னார். பின்னர் அது ஒரு வேளையாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அம்லோடிபின் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வீக்கத்தை நோயாக எண்ணி நீர் பிரிக்கும் மாத்திரை சேர்க்கப்பட்டிருக்கிறது. வலிநிவாரணியும் வீக்கத்தைக் கூட்டியிருக்கும். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் விளைவாக அவசர சிகிச்சைப் பிரிவு.

அட்டெனலாலும் ஸ்பைரோனோலாக்டோன் கலவையும் வலிநிவாரணியும் நிறுத்தப்பட்டன, டெல்மிசார்ட்டன் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. அம்லோடிபின் குறைந்த அளவில் தனியாகத் தொடரப்பட்டது. மூட்டு வலிக்குப் பாராசிட்டமாலும் தொடைத்தசைப் பயிற்சியும் சொல்லப்பட்டன. கண் மருத்துவரிடம் பேசியதில் அவர் டிமோலாலுக்குப் பதில் லாட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்துக்கு மாற்றினார். டிமோலாலையே தொடர வேண்டியவர்கள் சொட்டு விட்டதும் கண்ணை மூடி, கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் இரத்தத்தில் கலக்கும் அளவு குறையும். பீட்டா தடுப்பி எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் துடிப்புக் கோளாறும் வரலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதயம் தளர்ந்தவர்களுக்கும் அது உயிர்காக்கும் மருந்து. இந்தப் பெண்மணிக்கு அவை இரண்டும் இல்லை, மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தப்பட்டது.

வாந்தி பேதி வந்து தண்ணீர்கூட நிற்காத நாளில் எந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தின் பணியாளரிடமும் அதே தாளைக் காட்டச் சொன்னோம். மருமகள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தக் கட்டைப்பையின் கைப்பிடியிலேயே குத்திவைத்துவிட்டார். நாடியை ஆக்ஸிமீட்டரிலும் மணிக்கட்டிலும் முழு ஒரு நிமிடம் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது பொட்டாசியம் 4.4, கிரியாட்டினின் 1.1, இரத்த அழுத்தம் 146/84. டெல்மிசார்ட்டன் 20 மி.கி. மட்டும் மீண்டும் தொடங்கப்பட்டு, அடுத்த வாரமே பொட்டாசியம் சரிபார்க்கப்பட்டது. கால் வீக்கம் வடிந்திருந்தது. அடுத்த மாதம் எடுத்த 24 மணி நேர ஹோல்ட்டர் பதிவில் (உடலில் மாட்டிக்கொண்டே நடமாடும் இ.சி.ஜி.) மிகக் குறைந்த துடிப்பு 48, அதுவும் விடியற்காலை உறக்கத்தில். இரண்டு நொடிக்கு மேற்பட்ட இடைநிறுத்தம் ஒன்றும் இல்லை. படி ஏறியபோது துடிப்பு 108 வரை சென்றது. சைனஸ் கணு தேவைக்கேற்ப வேகமெடுக்கிறது என்பதற்கு இதுவே போதிய சான்று என்று இதயநோய் மருத்துவர்களும் ஒப்புக்கொண்டனர். பீட்டா தடுப்பி எதுவும் எடுக்காத நிலையில் மயக்கமோ, விழித்திருக்கும்போது நீண்ட இடைநிறுத்தமோ வந்தால் பேஸ்மேக்கர் பற்றிய கேள்வி மீண்டும் திறக்கப்படும் என்று அவரது கோப்பில் குறித்துவைத்திருக்கிறோம்.